அப்பாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதணும், என்ன எழுதுறது?

கேள்வி: அண்ணே, வணக்கம். போன மாசம் எங்கப்பா தவறிட்டாரு, 84 வயசு. பதினாறும் முடிஞ்சிடுச்சு, இப்ப கோவில்ல ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறாங்க, மலர்ல போட ரெண்டு பக்கம் எழுதிக் குடுன்னு என் தலையில கட்டிட்டாங்க. உக்காந்தா "அன்பான கணவர், பாசமுள்ள தகப்பனார், சமூகத் தொண்டர்"னு தான் வருது, போன வருசம் பக்கத்து வீட்டு தாத்தாவுக்கும் இதையே தான் போட்டாங்க. அப்பா சின்ன வயசுல கிரே ஸ்ட்ரீட்ல ஒரு துணிக்கடையில கணக்கு எழுத சேந்தவரு, ராத்திரியில யூனிசா பல்கலைக்கழகத்துல தபால் வழி படிச்சு அக்கவுன்டன்ட் ஆனாரு, கேட்டோ மேனர்ல இருந்து சாட்ஸ்வொர்த் வந்த குடும்பம், கோவில் கமிட்டில ரொம்ப வருசம் பொருளாளர். நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப ஞாயித்துக்கிழமை அவர வீட்டுல பாத்ததே இல்ல, இதை எழுதலாமா கூடாதா? இன்னொன்னு, மலர் வளையம் வேணாம் காசா குடுங்கன்னு சொல்லப் போறோம், தம்பி கோவிலுக்குங்கறான், தங்கச்சி குழந்தைங்க இல்லத்துக்குங்கறா.
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, அந்த மூணு அடைமொழியையும் முதல்ல அடிச்சிடுங்க. அப்பா பாத்த வேலைய எழுதுங்க, அது போதும், மத்தது தானா தெரியும்.

84 வயசுன்னா 1961ல அவருக்கு இருபது வயசு பக்கம். அந்த வருசம் பிப்ரவரி 14ந்தேதி பவுன், ஷில்லிங், பென்னி எல்லாம் போயி ராண்டு வந்துச்சு. ஒரு பவுனுக்கு ரெண்டு ராண்டு, ஒரு ஷில்லிங்குக்கு பத்து சென்ட், இது வரைக்கும் சுலபம், ஆனா ஷில்லிங்குக்கு பன்னெண்டு பென்னி ஆச்சே, அத பத்து சென்ட்டுக்குள்ள எப்படி சமமா அடைக்கிறது? துணிக்கடையில கடன் நோட்டு எழுதுற பையனுக்கு அது தான் தலைவலி, சேலைக்கு பாக்கி வச்ச ஒவ்வொரு அம்மாவுக்கும் மாத்தி எழுதிக் காட்டணும், அரை சென்ட் கூடிப்போச்சுன்னா கடை வாசல்லயே சண்டை. அப்பா அப்ப அங்க வேலையில இருந்தாரான்னு அந்தக் காலத்து கூட்டாளி யாரையாவது புடிச்சு கேளுங்க, இருந்தா அதுல இருந்தே ஆரம்பிங்க. வீட்டுல பழைய லெட்ஜர் கிடந்தா ஒரு பக்கத்த போட்டோ எடுத்துப் போடுங்க, கையெழுத்த பாத்தாலே அவர தெரிஞ்சவங்களுக்கு கண்ணு கலங்கும்.

கேட்டோ மேனர் விசயத்த "குடிபெயர்ந்தார்"னு பூசி மெழுகாதீங்க. எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு 1950ல போட்ட குரூப் ஏரியாஸ் சட்டத்தக் காட்டி வீட்டையும் வாழைத் தோட்டத்தையும் புடுங்கித் தான் சனங்கள அனுப்புனாங்க, சட்டத்து பேர போட்டே எழுதுங்க, பேரப்புள்ளைங்க படிக்கட்டும்.

அப்புறம் பொருளாளர் வேலை. இதுக்கு தான் நெறைய எடம் குடுக்கணும், ஏன்னா கோவிலக் கட்டுனவங்க பேரு கல்லுல இருக்கும், கணக்கு எழுதுனவரு பேரு எங்கயும் இருக்காது (தலைவருங்க போட்டோவுக்கு மட்டும் கொறச்சலே இல்ல, அத விடுங்க). நம்ம ஊருல கோவிலும் சரி, நம்ம புள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடமும் சரி, சனங்க சில்லறை சேத்து எழும்புனது, அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துக்கு ஊர் பாதி போட்டா தான் அரசாங்கம் மீதி தந்துச்சு. அப்படிப்பட்ட எடத்துல பணத்த பத்தி ஒரு பேச்சு கெளம்புனா கமிட்டியே ரெண்டா ஒடையும். தைப்பூசக் காவடி அன்னிக்கு எல்லாரும் சாப்டு போன பொறவு, மஞ்சத்தண்ணியும் விபூதியும் அப்புன சில்லறைய மேசையில கொட்டி, தொடச்சு, அடுக்கி, ரெண்டு பேர சாட்சிக்கு வச்சு எண்ணி, கையெழுத்து வாங்கிட்டு தான் நல்ல பொருளாளர் வீட்டுக்குக் கெளம்புவாரு. ஆடிக்கூழுக்கு மாவு வாங்குன பில்லு கூட ஃபைல்ல இருக்கும். 1991 செப்டம்பர் கடைசில பத்து சதவீத வாட் வரி வந்தப்ப சின்னக் கடைக்காரங்க முழிச்சாங்களே, உங்கப்பாகிட்ட யாராவது பேப்பர தூக்கிட்டு வந்தாங்களான்னு அம்மாவ கேளுங்க.

ஞாயித்துக்கிழமை சமாச்சாரத்த எழுதலாம், எழுதணும். ஆனா குறையா மட்டும் நிறுத்தாம, அந்த ஞாயித்துக்கிழமையில உங்களையும் வீட்டையும் யாரு பாத்தான்னும் சேத்து எழுதுங்க. அம்மா பேரு அந்த மலர்ல "மனைவி"ங்கற ஒரே ஒரு எடத்துல மட்டும் வந்தா அது அநியாயம். பேரப்புள்ளைங்களுக்கு தமிழ் படிக்க வராதுன்னா பக்கத்துலயே இங்கிலீஷ்லயும் போட்டுடுங்க.

காசு விசயத்துல நான் உங்க தங்கச்சி பக்கம். குழந்தைங்க இல்லத்துக்கு வருமான வரிச் சட்டத்துல 18ஏ பிரிவு அங்கீகாரம் இருந்தா குடுக்கறவங்களுக்கு வரிக்கழிவு ரசீது கிடைக்கும், வரி கட்ட வேண்டிய வருமானத்துல பத்து சதவீதம் வரைக்கும் கழிக்கலாம். பூசை புனஸ்காரம் மட்டும் நடத்துற கோவிலுக்கு குடுத்தா அந்த ரசீது வராது. அங்கீகார நம்பர மொதல்லயே கேட்டு வாங்கி நோட்டீஸ்ல போட்டுடுங்க, அக்கவுன்டன்ட் வீட்டு நோட்டீஸ் ஆச்சே. தம்பி மனசு நோகாம இருக்க கோவிலுக்கு தனி உண்டியல் வைங்க, ஆனா ரெண்டு காசையும் ஒரே பேங்க் அக்கவுன்ட்ல வாங்காதீங்க, பொறவு எது யாருதுன்னு பிரிச்சுக் குடுக்க இப்ப அப்பா இல்ல.