பால்ரூம்: ஹார்லெமின் ஹவுஸ்கள் பற்றி நீங்கள் கேட்டவை

நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் குயர் மக்கள் (ஒருபாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோர்) வளர்த்த பால்ரூம் பண்பாடு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 'பால்' (ball) என்பது நடை, உடை, நடனம் என்று போட்டிகள் நடக்கும் இரவு விழா.

அக்கா, மடோனாவின் 'வோக்' பாட்டிலிருந்துதானே இதெல்லாம் தொடங்கியது?

இல்லை. அந்தப் பாட்டு 1990இல்தான் வந்தது. நியூயார்க்கில் ஹாமில்டன் லாட்ஜ் என்ற கறுப்பினச் சங்கம் 1869இலேயே மாறுவேட நடன விழா நடத்தியிருக்கிறது. 1920களில், அந்த நகரின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், அந்த விழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது, பெண் உடையில் வந்தவர்களின் அலங்காரப் போட்டியைப் பார்க்கத்தான். வாஷிங்டனில் வில்லியம் டோர்சி ஸ்வான் 1880களில் இப்படிப்பட்ட விருந்துகளை ரகசியமாக நடத்தினார். பிறப்பால் அடிமையாக இருந்தவர் அவர். போலீஸ் பலமுறை பிடித்தது. 1896இல் பத்து மாதத் தண்டனை கிடைத்தபோது மன்னிப்புக் கேட்டு ஜனாதிபதிக்கே மனுப் போட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் இந்த வழக்கத்துக்காக அரசிடம் நேருக்கு நேர் வாதாடிய மனிதர் என்று அவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மடோனாவின் வீடியோவில் ஆடிய ஹோசே குட்டியெரெஸ், லூயிஸ் கமாச்சோ இருவரும் ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகான்சாவின் பிள்ளைகள். அந்த அசைவுகள் அங்கிருந்து போனவை.

'ஹவுஸ்' என்றால் வீடா, நடனக் குழுவா?

குடும்பம். ஒரு மதர், சில ஹவுஸ்களில் ஒரு ஃபாதரும், அவர்களுக்குக் கீழே பிள்ளைகள். ஹவுஸின் பெயரையே எல்லோரும் கடைசிப் பெயராக வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி உருவானது என்பதற்கு கிரிஸ்டல் லபேஜாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் போட்டிகளில் கறுப்பினத்தவரும் கலந்துகொள்ளலாம், ஆனால் கிரீடம் பெரும்பாலும் வெள்ளையருக்குத்தான் போகும். 1967இல் நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த போட்டியில் கிரிஸ்டல் மேடையிலிருந்து இறங்கிப் போய், நடந்தது அநியாயம் என்று கேமரா முன்னாலேயே வெடித்தார். அடுத்த சில ஆண்டுகளில், லாட்டி என்ற தோழியோடு சேர்ந்து, கறுப்பினக் குயின்களுக்கென்றே (பெண் அலங்காரத்தில் போட்டியிடுபவர்கள்) ஒரு பால் நடத்தினார். ஹவுஸ் ஆஃப் லபேஜா அப்படித்தான் வந்தது. பிறகு கோரி, டுப்ரீ, பெண்டாவிஸ் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. 1982இல் லத்தீன் பிள்ளைகளுக்காக எக்ஸ்ட்ராவகான்சா உருவானது.

பால் நடக்கும் இரவு பளபளப்பாக இருக்கும். மற்ற நாட்களில் ஹவுஸ் செய்வது வேறு வேலை. பெற்றோர் துரத்திவிட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சோறு போடுவது, படுக்க இடம் கொடுப்பது, தப்பு செய்தால் திட்டுவது. எக்ஸ்ட்ராவகான்சாவின் மதர் ஏஞ்சி இத்தனையும் செய்தார். 1993இல் எய்ட்ஸ் தொடர்பான நோயில் இறந்தபோது அவருக்கு வயது 28. அந்த வயதில் எத்தனை பேருக்குத் தாயாக இருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

போட்டியில் என்ன செய்வார்கள்? 'ரியல்னஸ்' என்கிறார்களே, புரியவில்லை.

ஒரு இரவில் பல கேட்டகரிகள் உண்டு. ரன்வேயில் நடை, ஃபேஸில் முகம், பெர்ஃபார்மன்ஸில் வோகிங், அதாவது ஃபேஷன் மாடல்களின் போஸ்களை வைத்து ஆடும் நடனம். போட்டியிடுவதை 'வாக்' என்பார்கள். முதலில் நடுவர்கள் எல்லோரும் பத்து காட்ட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் 'சாப்', அதாவது வெளியேற வேண்டியதுதான். பத்து வாங்கியவர்கள் இருவர் இருவராக மோதுவார்கள்.

ரியல்னஸில், பார்ப்பவருக்குத் துளியும் சந்தேகம் வராதபடி நடக்க வேண்டும். அலுவலக அதிகாரியாக, பள்ளி மாணவனாக, ராணுவ வீரனாக. ஃபெம் குயின் என்று அழைக்கப்படும் திருநங்கைகளுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். பால் முடிந்து, விடிகாலை ரயிலில் ஏறி, அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே! நடுவர்கள் பார்த்தது அந்தத் திறமையையும்தான்.

வோகிங்கில் வகைகள் உண்டா?

உண்டு. கோடுகளும் போஸ்களும் நிறைந்தது ஓல்டு வே. உடம்பை வளைத்து மடக்குவது நியூ வே. இப்போது அதிகம் பார்ப்பது வோக் ஃபெம். அதில் கை அசைவு, கேட்வாக், குந்தியபடியே நகரும் டக்வாக், சுழற்சி, தரை அசைவு, சட்டென்று பின்னால் சாயும் டிப் என எல்லாம் வரும். வோகிங்கில் பெரிய பெயரெடுத்த வில்லி நிஞ்ஜாவின் பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். அவர் கைகளைப் பார்த்தால் போதும்.

'பாரிஸ் இஸ் பர்னிங்' பார்த்து அழுதேன். அந்தப் படத்தை ஏன் பலர் விமர்சிக்கிறார்கள்?

அழுதது சரிதான். பால்ரூம் பற்றிய அந்தப் படம் இல்லையென்றால் மூத்த குயின் டோரியன் கோரியின் பேச்சை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். ஆனால் கோபமும் நியாயமானது. ஜென்னி லிவிங்ஸ்டன் என்ற வெள்ளையினப் பெண் எடுத்த அந்த ஆவணப்படம் பல லட்சம் டாலர் வசூலித்தது. படத்தில் வந்த 13 பேருக்குச் சேர்த்துக் கிடைத்தது சுமார் 55,000 டாலர். பாரிஸ் டுப்ரீ நடத்திய பாலின் பெயர்தான் படத்தின் தலைப்பு. அவர் வழக்குத் தொடர முயன்றார். ஏற்கெனவே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்ததால் அது நிற்கவில்லை. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. அப்புறம், படத்தில் சிரித்துக்கொண்டே கனவுகளைச் சொல்லும் வீனஸ் எக்ஸ்ட்ராவகான்சா 1988இல், படப்பிடிப்புக் காலத்திலேயே கொலை செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

எய்ட்ஸ் காலத்தை எப்படித் தாங்கினார்கள்?

ஒரு தலைமுறையையே இழந்தார்கள். அந்த நேரத்தில் ஜிஎம்எச்சி என்ற எய்ட்ஸ் சேவை அமைப்பு வெளியிலிருந்து உபதேசம் செய்யாமல், ஹவுஸ் ஆஃப் லேடெக்ஸ் என்று ஒரு ஹவுஸையே தொடங்கி உள்ளே வந்தது. லேடெக்ஸ் பாலில் பரிசோதனையும் ஆணுறையும் இலவசம். சமூகத்தின் மரியாதை முறைக்குள் வந்து பேசினால்தான் காது கொடுப்பார்கள் என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது.

நான் வெளியாள். வோகிங் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. பாரிஸ் நகரத்தில் லசேன்ட்ரா நிஞ்ஜாவும் ஸ்டெஃபி மிஸ்ராஹியும் பால்ரூமைக் கட்டியெழுப்பினார்கள். வேறு பல நாடுகளிலும் இப்போது பால்கள் நடக்கின்றன. முடிந்தவரை இந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் போங்கள், அவருக்குரிய பணத்தைக் கொடுங்கள். முதல் பாலில் பார்வையாளராக இருந்து, எப்போது கத்துகிறார்கள், யாருக்கு வழிவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு நீங்களே வாக் செய்யலாம். ஹவுஸ் இல்லாதவர்களை '007' என்பார்கள், அவர்களுக்கும் போட்டியிட இடம் உண்டு. சாப் வாங்கினால் நடுவரிடம் வாக்குவாதம் வேண்டாம். அடுத்த பாலுக்கு இன்னும் நன்றாகத் தயாராகி வாருங்கள்.