கூட்டு ஆவணச் சர்வருடனான இணைப்பு சத்தமில்லாமல் அறுவது ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் இருந்து, பலர் சேர்ந்து எழுதும் ஒரு ஆவணச் சர்வருடன் நானே எழுதிய நிரல் இணைகிறது. யாரும் தட்டச்சு செய்யாத சில நிமிடங்களுக்குப் பிறகு, எந்தப் பிழையும் காட்டாமல் மாற்றங்கள் வருவது நின்றுவிடுகிறது. ஏன்?

இத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் வெப்சாக்கெட் வழியே பேசும். 2011-ல் தரப்படுத்தப்பட்ட இந்த முறையில் சாதாரண வலைக் கோரிக்கையாகத் தொடங்கி, சர்வர் 101 ('முறையை மாற்றிக்கொள்கிறேன்' என்பதற்கான எண்) என்று பதில் சொன்னதும், இருபக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசக்கூடிய திறந்த இணைப்பாக மாறும்.

சிக்கல் நடுவில்தான். உங்கள் ரூட்டர், மொபைல் நிறுவனத்தின் கருவிகள், சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற மென்பொருள் எல்லாமே பேச்சில்லாத இணைப்பைச் செத்ததாக எண்ணி வெட்டிவிடும். என்ஜின்எக்ஸின் இயல்பான பொறுமை 60 விநாடிதான். ரூட்டரோ வெட்டியதை யாருக்கும் சொல்வதுகூட இல்லை. நிரல் காத்துக்கொண்டே இருக்கும்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதுதான் மருந்து. 'ம்' நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று கதை நின்றுவிடும். வெப்சாக்கெட்டில் அந்த 'ம்' பிங், பாங் எனப்படும்: ஒரு பக்கம் சிறு பிங் அனுப்பும், மறுபக்கம் பாங் என்று பதில் தரும்; இணைப்பில் பேச்சு நிற்காது. பைத்தானின் வெப்சாக்கெட்ஸ் நூலகம் 20 விநாடிக்கு ஒருமுறை தானாகவே பிங் அனுப்பும். உங்கள் நூலகம் அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், பிங் இருந்தால் இணைப்பு அறவே அறாது என்று பலர் நம்புகிறார்கள். ஆடி மழையில் மரம் சாய்ந்து, கரண்ட் போய், டவர் படுத்துவிட்டால் பிங் என்ன செய்யும்? அறுந்ததைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். மறுபடி இணைந்து, விட்டுப்போன மாற்றங்களைக் கேட்டு வாங்குவது உங்கள் நிரலின் வேலை.