முதலிடம் பிடித்தும் மேலே போகாத அணி: ஸ்பெயின் கீழ்நிலை லீக் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: நண்பர்களோடு நடத்தும் கால்பந்து வினாடி வினாவுக்காக, ஸ்பெயினின் மூன்றாம் நிலை லீக்கான செகுண்டா பி-யின் 2015-16 பருவத்தைத் தொகுத்துவருகிறேன். நான்காம் இடம் பிடித்த காடிஸ் மேலே போயிருக்கிறது. வேறு பிரிவுகளில் முதலிடம் பிடித்த இரண்டு அணிகள் அங்கேயே நிற்கின்றன. இன்னொரு பருவத்தின் பட்டியலில், சம புள்ளி பெற்ற இரண்டு அணிகளில் கோல் வித்தியாசம் அதிகமுள்ள அணி கீழே இருக்கிறது. 1980களின் செய்தித்தாள் நறுக்கு ஒன்றிலோ புள்ளிகளுக்குப் பக்கத்தில் +6, -3 என்று ஏதோ அச்சாகியிருக்கிறது. பட்டியல் தவறா, நான் படிப்பது தவறா?

பதில்: பட்டியல் சரிதான். இங்கிலாந்து லீக்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஸ்பெயின் பட்டியல் முதலில் இப்படித்தான் குழப்பும்.

காடிஸிலிருந்து தொடங்குவோம். அன்றைய செகுண்டா பி-யில் 80 அணிகள். 20 அணிகள் வீதம் நான்கு பிரிவுகள். மேலே, இரண்டாம் நிலை லீக்கான செகுண்டாவில் காலியாகும் இடங்களோ நான்கு. பிரிவுக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் கணக்கு அதோடு முடிந்திருக்கும். அப்படிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவை, ஆக 16 அணிகள், பிளே-ஆஃபுக்குப் போயின. முதலிடம் பெற்ற நான்கும் இரண்டு ஜோடிகளாக மோதும்; சொந்த ஊரில் ஓர் ஆட்டம், வெளியூரில் ஓர் ஆட்டம். வென்ற இரண்டும் நேராக மேலே. தோற்ற இரண்டும் மற்ற அணிகளோடு கலந்து, இன்னும் இரண்டு சுற்றுகள் ஆடி, மீதமுள்ள இரண்டு இடங்களுக்குப் போராட வேண்டும்.

இந்த முறையின் இரு முகங்களையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்த ஊர் காடிஸ். 2014-15இல் அது தன் பிரிவில் முதலிடம். ஜோடியாக வாய்த்தது ஒவியேதோ. அங்கே போய் 1-1 என டிரா செய்துவிட்டு வந்தது. பாதி வேலை முடிந்த மாதிரிதான். 2015 மே 31 அன்று சொந்த மைதானமான கர்ரான்சாவில் 0-1 என்று தோற்றது. விருந்துக்குத் தயாராக இருந்த வீட்டில் விருந்தாளி வந்து கொண்டாடிவிட்டுப் போனான். அடுத்த வாய்ப்பும் பில்பாவோ அத்லெதிக்கிடம் பறிபோனது.

மறு பருவம் நான்காம் இடம்தான். பிளே-ஆஃபில் முதலில் ஃபெரோல் ஊரின் ராசிங்கை வென்றது. பிறகு சான்டான்டேர் ஊரின் ராசிங்கை வென்றது. இந்த ராசிங் முதல் பிரிவின் முதலிட அணி, ரேயுஸிடம் தோற்றுவிட்டு இரண்டாம் வாய்ப்புக்காக வந்திருந்தது. கடைசியாக எர்குலெஸை உள்ளூரில் 1-0, அலிகாந்தேயில் 1-0. 2016 ஜூன் 26 அன்று அலிகாந்தேயில் அந்த ஒரே கோலை அடித்தவர் டானி குயிசா, 2008இல் யூரோ கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தவர்.

அந்த ஆண்டு மேலே போனவை உகாம் முர்சியா, ரேயுஸ், காடிஸ், செவில்யா அத்லெதிகோ. இவற்றில் மூன்று நான்காம் பிரிவைச் சேர்ந்தவை. முதல் இரண்டு பிரிவுகளிலிருந்து ஒரு அணிகூடப் போகவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு முதலிட அணிகள் சான்டான்டேர் ராசிங்கும் ரியல் மாட்ரிட் காஸ்தில்யாவும்தான். 38 ஆட்டங்களின் உழைப்பை இரண்டு ஆட்டங்களிடம் அடகு வைக்கும் முறை என்று எனக்கு இதன்மேல் கோபம் உண்டு. 2021இல் செகுண்டா பி-யையே கலைத்துவிட்டார்கள். இப்போது மூன்றாம் நிலை பிரிமேரா ஃபெடரேசியோன். இரண்டே பிரிவுகள், இரண்டிலும் முதலிடம் பெறும் அணி நேராக மேலே போகிறது.

தொகுக்கும்போது 'பி' அணிகளிடம் கவனமாக இருங்கள். பெரிய கிளப்புகளின் இளைய அணிகள் இவை. தாய் அணி இருக்கும் நிலையில் சேய் அணி ஆடக் கூடாது. 2012இல் வில்யாரியல் செகுண்டாவுக்கு இறங்கியது. அங்கே இருந்த வில்யாரியல் பி, தன் புள்ளிகளுக்குத் தொடர்பே இல்லாமல் ஒரு படி கீழே தள்ளப்பட்டது. பணத்தாலும் படி மாறும். 2016இல் கொண்டாடிய ரேயுஸ், நிதி நெருக்கடியால் 2019 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டது. அது ஆடாத ஆட்டங்களில் எதிரணிகளுக்கு 1-0 என்று வெற்றி எழுதினார்கள். கீழே இறக்கப்பட்டதால் செகுண்டா பி-யில் அதற்குக் கிடைக்கவிருந்த இடத்தை விலை கொடுத்து வாங்கியது, அப்போது பார்சலோனா வீரராக இருந்த ஜெரார்ட் பிக்கேவின் நிறுவனம் கையில் வைத்திருந்த எஃப்.சி. அண்டோரா. ஆகவே எந்தப் பருவத்துக்கும் இறுதிப் பட்டியலோடு அடுத்த பருவத்தின் தொடக்கப் பட்டியலையும் வைத்து ஒப்பிடுங்கள். புள்ளிக் கணக்கோடு ஒட்டாத பெயர் இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

கோல் வித்தியாசக் குழப்பம் எளிது. ஸ்பெயினில் இரு அணிகள் சம புள்ளி பெற்றால், அவை தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களைத்தான் முதலில் கூட்டிப் பார்ப்பார்கள். ஓர் அணி 3-0 என வென்று, பிறகு 0-2 எனத் தோற்றிருந்தால் கூட்டுக்கணக்கு 3-2; அதுவே மேலே. அங்கேயும் சமம் என்றால்தான் மொத்தக் கோல் வித்தியாசத்துக்கு வேலை.

இனி அந்த +6. இதற்குப் 'பாசிட்டிவோஸ்', 'நெகட்டிவோஸ்' என்று பெயர். வெற்றிக்கு மூன்று புள்ளி என்பது ஸ்பெயினில் 1995-96இல்தான் வந்தது. அதற்கு முன்பு இரண்டு. சொந்த மைதானத்தில் வெல்வது கடமை, வெளியூரில் கிடைப்பது லாபம் என்ற நினைப்பில் போட்ட கணக்கு இது. வெளியூர் வெற்றிக்கு +2, வெளியூர் டிராவுக்கு +1. உள்ளூர் டிராவுக்கு -1, உள்ளூர் தோல்விக்கு -2. எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் உள்ளூர் ஆட்டம் ஆடியிராத பருவ நடுவில், யார் உண்மையில் முன்னால் இருக்கிறார்கள் என்பதை இது சட்டென்று காட்டிவிடும்.

உங்கள் நறுக்கைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மொத்தப் புள்ளிகளிலிருந்து, உள்ளூர் ஆட்டங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். 20 அணி லீக்கில் பருவம் முடிந்திருந்தால் உள்ளூர் ஆட்டங்கள் 19, கழிக்க வேண்டியது 38. +6 உள்ள அணிக்கு 44 புள்ளியும், -3 உள்ள அணிக்கு 35 புள்ளியும் இருக்க வேண்டும். எல்லா வரிகளும் ஒத்துவந்து ஒரு வரி மட்டும் உதைத்தால், அந்த அணிக்குப் புள்ளி வெட்டு விழுந்ததா, அச்சுக்கோப்பவர் கைதவறினாரா என்று பாருங்கள்.