மெக்லெல்லன் வென்றால் போர் நின்றுவிடுமா?

1864 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிங்கன் தோற்க, மறுவாரமே அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்லெல்லன், பிரிந்துபோய்ப் போரிடும் தெற்கு மாநிலங்களுடன் சமாதானம் பேசுவதாகக் கதை எழுதியிருக்கிறீர்கள். ஏன் நம்பும்படி இல்லை என்று கேட்கிறீர்கள். சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. வாக்குப்பதிவு நவம்பர் 8. பதவியேற்பு 1865 மார்ச் 4. இடைப்பட்ட மாதங்களில் அதிகாரம் லிங்கன் கையில்தான். தோற்றால் புதியவருடன் சேர்ந்து அதற்குள் ஒன்றியத்தை, அதாவது பிளவுபடாத அமெரிக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆகஸ்ட் 23 அன்றே எழுதி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கிய மனிதர் அவர்!

மெக்லெல்லனும் சமாதானப் புறா அல்லர். அவருடைய கட்சி போர்நிறுத்தம் கேட்டது. அவரோ ஒன்றியம் மீளாமல் சமாதானம் இல்லை என்று கடிதம் எழுதினார். உண்மையான சமாதானவாதி துணை அதிபர் வேட்பாளர் பெண்டில்டன். அவரைக் கதையில் காணவே இல்லையே?

திருப்புமுனையை ஜூலைக்கு நகர்த்துங்கள். அட்லாண்டா நகரைக் காத்துநின்ற தளபதி ஜான்ஸ்டனை நீக்கி ஹூடை தெற்கின் அதிபர் டேவிஸ் நியமிக்காவிட்டால், அந்நகரம் செப்டம்பர் 2இல் விழாமல் தேர்தல்வரை தாங்கக்கூடும். லிங்கனுக்கு 212, மெக்லெல்லனுக்கு 21 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கு அப்போதுதான் அசையும். தெற்கின் பீட்டர்ஸ்பர்க் நகரை வடக்குப் படை முற்றுகையிட்டிருந்ததையும் தளர்த்துங்கள்; இல்லையேல் மார்ச்சில் மெக்லெல்லன் கைக்கு வருவது ஏறக்குறைய வென்றுவிட்ட போர்தான்.