மலை மறைத்த வெயில்

அன்புள்ள ஐயா,

சென்னையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான, தென்காசி பக்கத்து இலஞ்சிக்கு வந்து ஓராண்டு ஆகிறது. மார்கழியில் ஐந்தரை மணிக்கெல்லாம் எங்கள் முற்றத்தில் வெயில் போய்விடுகிறது. செல்போனோ அஸ்தமனம் 6:07 என்கிறது. எதை நம்புவது? இன்னொரு சந்தேகம். ஆண்டிலேயே பகல் குறைந்த நாள் டிசம்பர் 21 என்று படித்திருக்கிறேன். எனக்கோ ஐப்பசிக் கடைசியில்தான் சீக்கிரம் இருட்டியதாகத் தோன்றியது. இது பிரமையா? வெயில் போனதும் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டுவிடுகிறோம். பகல் சட்டென்று முடிந்துவிடுவதில் மனம் சோர்ந்துபோகிறது.

ம., இலஞ்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

இரண்டையும் நம்புங்கள். மேற்கே மலை ஏதும் இல்லாத சமவெளியில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இறங்கும் நேரத்தைச் செல்போன் கணக்கிட்டுச் சொல்கிறது. உங்கள் முற்றத்துக்கு மேற்கே இருப்பது குற்றால மலை. கையை நன்றாக நீட்டி, முஷ்டியை மடக்கி, மலையடிவாரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. நாம் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே இருப்பதால், நம் ஊரில் சூரியன் அதிகம் சாயாமல் கிட்டத்தட்ட நேராக இறங்கும். மார்கழியில் அந்த 10 பாகையைக் கடக்க அதற்கு 45 நிமிடம் போல ஆகும். உங்கள் கணக்குப்படி 37 நிமிடம் முன்னதாக வெயில் போகிறது என்றால், முற்றத்திலிருந்து மலை ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். அளந்து பார்த்து எழுதுங்கள்.

ஐப்பசி விஷயத்தில் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. தென்காசி வட்டாரத்தில் அஸ்தமனம் மிகவும் முந்துவது நவம்பர் நடுவில், சுமார் 5:57க்கு. பகல் மிகவும் குறைந்த டிசம்பர் 21 அன்று அது 6:07 ஆகிவிடுகிறது. பகலின் நீளம் வேறு, அந்தப் பகல் கடிகாரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு. பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் ஆடுகிறது. நம் ஊரில் நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12:04, பிப்ரவரி நடுவில் 12:35. நவம்பரில் பகல் மொத்தமும் முன்னே தள்ளியிருக்கிறது. தை பிறந்த பிறகு காலையில் எழுந்தால் இன்னும் இருட்டாக இருப்பதும், மாலை மட்டும் நீண்டுகொண்டே போவதும் இதனால்தான்.

அந்த உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பீர்கள். நாம் பார்க்கும் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அது மிர்சாபூர் பக்கமும் காக்கிநாடா பக்கமும் செல்லும் கோடு. நாம் அதற்கு 5 பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம். ஆகவே தென்காசிச் சூரியன் கடிகாரத்துக்குச் சராசரியாக 21 நிமிடம் பிந்தியே வருகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். ஐந்தரைக்குக் கதவைச் சாத்துகிறீர்களே, மலையடிவாரத்து ஊருக்கு மட்டும் வாய்த்த ஒரு பொழுதை அல்லவா வெளியே விட்டுச் சாத்துகிறீர்கள்! வெயில் போய்விட்டது, வெளிச்சம் போகவில்லை. மார்கழியில் இது ஒரு மணிநேரம் நீடிக்கும். கண் கூசாது, உடம்பு வேர்க்காது, எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. வயல் பச்சை மிகவும் அடர்ந்து தெரிவது அப்போதுதான். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது கிடையாது.

சிறுவயதில் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. மலையின் நிழல் தென்காசியைத் தொடும்போது பாவூர்ச்சத்திரம் சாலையில் கிழக்கே சைக்கிளை மிதிப்போம். முன்னால் சாலையில் வெயில் கிடக்கும், பின்னாலிருந்து நிழல் வரும். நிழல் எங்களைத் தாண்டும்வரை போட்டி. முதலில் நாங்கள்தான் முன்னே இருப்போம். சூரியன் தாழத் தாழ நிழலின் வேகம் கூடிக்கொண்டே போகும், சைக்கிளால் ஈடுகொடுக்க முடியாது. ஒருநாள்கூட ஜெயித்ததில்லை. ஊருக்குள் தெருக்களெல்லாம் நிழலில் மூழ்கிய பிறகும் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் உச்சியில் மட்டும் ஓரிரு நிமிடம் வெயில் தங்கியிருக்கும்.

ஆறு மணி தாண்டியதும் முகத்தைக் கிழக்கே திருப்புங்கள். வானம் தெளிவாக இருந்தால் தொடுவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையும், அதன் மேல் இளஞ்சிவப்பில் இன்னொன்றும் தெரியும். கீழே இருப்பது மேகம் இல்லை. பூமியின் நிழல் காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து மெல்ல ஏறுகிறது. அரைமணிக்கு முன் மலையின் நிழல் தரையில் கிழக்கே ஓடியது. இப்போது பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுந்து நம் தலைக்கு மேல் வருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க உங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு குளத்தங்கரை போதும்.

நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தபோது, சூரியன் இறங்கும் நேரத்தை எற்பாடு என்றார்கள். மாலை அதற்குப் பின்னர்தான் தொடங்கும், பத்து நாழிகை நீளும். பொழுது சாய்தல், பொழுது அடைதல், அந்தி, கருக்கல், விளக்கு வைக்கும் நேரம் என்று இந்தச் சிறிய இடைவெளிக்கு எத்தனை படிகள் வைத்திருக்கிறோம்! என் ஆச்சி கருக்கலுக்கு முன் விளக்கு ஏற்றவிடமாட்டாள். இப்போது எங்கள் தெருவில் மலை நிழல் விழுந்ததுமே கம்பத்தில் வெள்ளை விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. அவற்றின் கீழ் நிற்பவருக்கு வானம் அப்போதே கறுப்பாகிவிடுகிறது. ஓர் அரைமணி பொறுத்து ஏற்றுங்கள் என்று இருமுறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மூன்றாம் முறையும் எழுதுவேன்.

ஆண்டிலேயே அஸ்தமனம் பிந்துவது ஜூலை நடுவில், 6:45 வாக்கில். அப்போது சாரல் மேகம் மலையை மூடியிருக்கும் என்பதால் அதை நாம் பெரும்பாலும் காண்பதே இல்லை. தையும் மாசியும்தான் நமக்கு நல்ல காலம். சூரியன் இறங்கும் இடமும் நகர்வதைக் கவனியுங்கள். மார்கழியில் குற்றால மலைப் பக்கம், ஆனியில் வடக்கே தள்ளி மேக்கரைப் பக்கம். இரண்டுக்கும் இடையே மலைத்தொடரில் ஏறத்தாழ 47 பாகை.

நாளை ஐந்தரைக்குத் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். மார்கழியில் ஆறரைவரை வரப்பு தெளிவாகத் தெரியும், அதற்குமேல் தெரியாது. பூச்சி பொட்டு நடமாடும் இடம், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பக் கிளம்பும்வரை டார்ச்சை அடிக்க வேண்டாம்.

அன்புடன்.