அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ் மேஸ்திரி பிடிப்பது எப்படி?

சமையல் மேடைக்கு மேலே 2 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்ட, கூலியைச் சதுர அடிக்குப் பேசுவதா நாளுக்குப் பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 10 அடி மேடை என்றால் மொத்தமே 20 சதுர அடிதான். அதற்குச் சதுர அடிக் கணக்கில் நல்ல மேஸ்திரி யாரும் வர மாட்டார், வந்தாலும் ஸ்விட்ச் போர்டு ஓட்டை, மூலை வெட்டு எல்லாவற்றையும் அவசரமாக முடித்துவிட்டுப் போவார். அதனால் மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள், பழைய டைல்ஸை உடைத்துக் குப்பை அள்ளுவதும் அதில் சேர்த்தியா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஆளை எடைபோட ஒரு கேள்வி போதும்: எதில் ஒட்டுவீர்கள்? விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடி போல் இறுகச் சுட்டது, தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பாலில் பிடிக்காது, ஒட்டும் பசைதான் வேண்டும். சாதாரண செராமிக் என்றால் சிமெண்ட் போதும், ஆனால் முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இதைச் சொல்லத் தெரியாதவர் வேண்டாம்.

அப்புறம், அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கலவையாக (கிரவுட்) எபாக்ஸி எனும் பிசின் வகையைக் கேளுங்கள், விலை கூடத்தான், ஆனால் சாதா வெள்ளை கிரவுட்டில் மஞ்சள் கறை ஏறினால் போகவே போகாது. மீதிக் கூலியைக் கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு டைலின் மூலையையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருப்பதுபோல் பொள்ளென்று கேட்டால் கழற்றி ஒட்டச் சொல்லுங்கள்.