காபி குடிக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சார், காபியால் கேன்சர் வரும் என்கிறார்களே?
பழைய கதை. 1991 முதல் அந்தச் சந்தேகப் பட்டியலில் இருந்தது உண்மைதான். 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதிலிருந்து காபியை எடுத்துவிட்டது. ஆனால் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்று அப்போதே எச்சரித்தது. கொஞ்சம் ஆறட்டும்.

எனக்கு ஃபேட்டி லிவர். காபியை நிறுத்தணுமா?
நிறுத்த வேண்டாம். காபிக்குச் சாதகமான ஆய்வுகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கல்லீரல் விஷயம்தான். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு ஈரல் சுருக்க நோயும் கல்லீரல் புற்றுநோயும் குறைவாகவே வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. டைப் 2 சர்க்கரை நோய், பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) இரண்டிலும் இதே போக்குதான். இவை பெரும்பாலும் மக்களைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னவை. காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்தாக நினைத்துக் குடிக்கவும் கூடாது. கப்புக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுபவர் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள்.

டிகாஃப் (கஃபீன் நீக்கிய காபி) குடித்தால் பலன் உண்டா?
சர்க்கரை நோய் விஷயத்தில் அதிலும் தெரிகிறது. அப்படியென்றால் பெருமை முழுக்க காபியில் சுறுசுறுப்பு தரும் கஃபீனுக்கு இல்லை. காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற வேறு பொருள்களுக்கும் பங்கு இருக்கலாம்.

கொலஸ்ட்ரால் இருக்கிறது...
எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். உலோகச் சல்லடை விட்டுவிடும். தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடிப்பதில்தான் அதிகம்.

ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறதே!
வரும், ஆழம் குறையும். களைப்பைச் சொல்லும் அடினோசின் மூளையில் போய் ஒட்டும் இடங்களைக் கஃபீன் அடைத்துக்கொள்கிறது. உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், ரத்தசோகையும் உண்டு. எவ்வளவு குடிக்கலாம்?
ஆரோக்கியமான மற்ற பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை சரி, கர்ப்பிணிகளுக்கு 200தான். தேநீர், கோலா, சாக்லேட்டில் உள்ளதையும் சேர்த்துக் கணக்கிடணும். சாப்பாட்டோடு காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரும்பு மாத்திரைக்கும் காபிக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரையோடு?
வேண்டாம். தண்ணீரில் மாத்திரை, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி.